தம்பி செய்த தண்ணீர்

என் தம்பி சென்னையில் தண்ணீர் செய்கிறான். இப்படிச் சொன்னால் எங்கள் தெருவில் குடிநீர் வாரியமா என்று கேட்பார்கள். முதல் இரண்டு வருஷம் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னேன். பிறகு அலுத்துப்போய், ஆமாம், வாரியந்தான் என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். வெளிநாட்டு சினிமாக்காரர்கள் நடிகர்களை வைத்துப் படம் எடுத்துவிட்டு, கடல் வேண்டிய இடத்தை வெறும் பச்சைத் துணியாக அனுப்பிவைப்பார்கள். இவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த இடத்தில் கடலை உண்டாக்குவான். அலை, நுரை, கப்பல் போன பிறகு பின்னால் கிடக்கும் தடம், எல்லாம் இவன் கைவேலை. ஒரு நிமிஷக் காட்சிக்கு எட்டு மாதம் ஆகும்.

அப்பா துறைமுகத்தில் டக் ஓட்டினார். பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் கரையோடு சேர்க்கிற குட்டிக் கப்பல் அது. முப்பது வருஷம் ஓட்டிவிட்டு ஓய்வுபெற்றார். ஒருத்தர் தண்ணீரில் வேலை பார்த்தவர், இன்னொருத்தன் தண்ணீரையே வேலையாகப் பார்ப்பவன். இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

சண்டை தியேட்டரில் வந்தது. தம்பி வேலை செய்த முதல் பெரிய படம், தமிழ்க் குரல் கொடுத்து தூத்துக்குடிக்கும் வந்திருந்தது. இவன் நான்கு நாள் லீவு போட்டுவிட்டு வந்து அப்பா, அம்மா, நான் என்று எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தான். அவன் செய்த காட்சி வந்தது. புயலில் ஒரு சரக்குக் கப்பல். அப்பாவுக்குக் கப்பலைப் பார்த்துவிட்டால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் மறந்துபோகும்.

"ஏலே, இது காலிக் கப்பலுல்லா" என்றார். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவருக்கு. மெதுவாகப் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார், தியேட்டர் முழுக்கக் கேட்கும். "இரும்புத் தாது ஏத்திருக்குன்னு சொல்லுதான். நெறையா ஏத்துன கப்பலு இப்படியா துள்ளும்? தண்ணி இப்படியா விலகும்? எவன்லே இத செஞ்சான்?"

முன்வரிசையில் நான்கைந்து பேர் சிரித்தார்கள். செய்தவன் அவருக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் இருட்டில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. அதோடு விட்டாரா? வெளியே வந்ததும் பழைய துறைமுகக் கூட்டாளி ஒருவரைப் பார்த்து, கையைக் கப்பலாக்கி அங்கே இங்கே ஆட்டி, எங்கே தப்பு என்று மறுபடியும் விளக்கினார். தம்பி கேட்டுக்கொண்டு நின்றான். அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டான். பஸ் ஊர் எல்லை தாண்டுவதற்குள் எனக்கு மெசேஜ் வந்தது: "எக்கா, இனிமே அப்பாட்ட என்ன சொல்லணும்னாலும் நீயே சொல்லிரு."

நான் அடுத்த தெருவில்தான் இருக்கிறேன். நேராகப் போய்க் கத்தினேன். "உங்க வாயில வசம்பத்தான் வச்சுத் தேய்க்கணும்."

"கப்பலு தப்பா போனா தப்புன்னு சொல்ல வேண்டாமா?"

"உங்க மவன் எட்டு மாசம் உக்காந்து செஞ்சதுப்பா அது."

அப்பா ராத்திரி சாப்பிடவில்லை என்று மறுநாள் அம்மா சொன்னாள். ஆனால் போனை எடுத்து இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம் அல்லவா? அது மாட்டார். தப்பு என்று தெரிந்தாலும் வாயைத் திறந்து ஒப்புக்கொள்வது அவர் பரம்பரையிலேயே கிடையாது. தம்பியும் அதே பரம்பரைதான்.

சில மாதம் கழித்து, அமெரிக்காவில் கொடுக்கிற அந்தப் பெரிய சினிமா விருதுக்கான பட்டியல் வந்தது. விஷுவல் எஃபெக்ட்ஸ் விருதுக்கு ஐந்து படம். அதில் ஒன்று தம்பியின் கப்பல் படம். "அப்பாட்ட சொல்லு" என்று அனுப்பினான். சொன்னேன். "கெடைக்காது" என்றார் அப்பா. கிடைக்கவும் இல்லை. தம்பி அதன் பிறகு தீபாவளிக்குக்கூட வரவில்லை. அம்மாவோடு பேசுவான், என்னோடு பேசுவான். போன் அப்பா கைக்குப் போனால் அந்தப் பக்கம் சிக்னல் போய்விடும்.

அடுத்த வருஷம் ஜனவரியில் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார், "ஏளா, லிஸ்டு வந்துட்டா?"

"என்ன லிஸ்டு?"

"அதான், அவன் வேலைக்குக் குடுப்பானுவளே."

அந்த வருஷப் பட்டியலில் தம்பி படம் எதுவும் கிடையாது. இருந்தும் ஐந்து படத்தின் டிரெய்லரையும் என் போனில் போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒன்றில் நகரமே வானத்தில் பறந்தது. "இதுல தண்ணியே இல்லியே" என்று தள்ளிவிட்டார். கடைசியில் கடல் வருகிற ஒரு படத்தைக் காட்டி, "இதுதான் ஜெயிக்கும். அவன்ட்ட சொல்லு" என்றார். சொன்னேன். பறக்கும் நகரம் ஜெயித்தது. தம்பியிடமிருந்து ஒரே வரி வந்தது: "விருது தண்ணிக்கு மட்டும் குடுக்கலன்னு சொல்லு." அப்பா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு, "அப்ப எத வச்சுத்தான் குடுக்குதான், கேட்டுச் சொல்லு" என்றார்.

தபால்காரி உத்தியோகம் எனக்கு இப்படித்தான் வாய்த்தது. பகலில் ஷிப்பிங் ஏஜென்சியில் கப்பல் வருகைக் காகிதங்களோடு மாரடிப்பேன், மற்ற நேரம் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஓடுவேன்.

தம்பி ஒரு நீளமான குரல் பதிவு அனுப்பினான். பெயர்தான் எனக்கு, பேசியது அவருக்கு. ஐந்து படத்தைப் பொறுக்குவது அந்த வேலை தெரிந்தவர்கள், ஆனால் கடைசி ஓட்டுப் போடுவது எல்லோரும், நடிகர், பாட்டுப் போடுகிறவர், துணி தைக்கிறவர் எல்லாம் என்று விளக்கியிருந்தான். அப்பா சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். இன்னும் ஒரு தடவை என்றார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். மகன் குரலைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அப்பா தெளிவாக இருந்தார். "இது நம்ம யூனியன் எலெக்சன் மாதிரில்லா. ஒர்க் ஷாப்புல நிக்கவன் யாருன்னு டக்ல இருக்கவனுக்குத் தெரியாது. எங்கன பாத்தாலும் எந்தப் பேரு தெரியுதோ, அவனுக்குக் குத்திட்டுப் போயிருவான்." அதிலிருந்து ஒரு விதி கண்டுபிடித்தார். சிறந்த படம் என்று ஒரு பெரிய விருது உண்டல்லவா, அந்தப் பட்டியலிலும் பெயர் இருக்கிற படம் இந்த ஐந்தில் எதுவோ, அதற்குத்தான் கிடைக்கும். அடுத்த வருஷம் அந்த விதிப்படி சொன்னார், அப்படியே நடந்தது. தம்பி கட்டைவிரல் உயர்த்திய எமோஜி ஒன்றை அனுப்பினான். அப்பா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது என்ன, நல்லதுக்கா கெட்டதுக்கா?" என்று கேட்டார். நல்லதுக்குத்தான் என்றேன்.

இந்த வருஷம் மறுபடியும் தம்பி செய்த கடலோடு ஒரு படம் வந்தது. அவன் ஊருக்கு வரவில்லை. நான்தான் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கப்பல் வந்ததும் முன்ஜாக்கிரதையாக அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பாரம் ஏற்றிய கப்பல், இன்ஜின் நின்றுபோய்க் கிடக்கிறது. ஒரு டக் அதைக் கயிறு கட்டி இழுக்கிறது. கப்பல் தாழ்ந்து கிடந்தது. மனசே இல்லாமல் அசைந்தது. அப்பா வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. ஆட்டோவிலும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போதுதான் சொன்னார்.

"கயிறு இறுகும்போது அதுலேருந்து தண்ணி பிழிஞ்சு சொட்டுச்சு, பாத்தியாளா? அதக்கூட ஒருத்தன் உக்காந்து யோசிச்சுருக்கான்."

"ஒருத்தன் இல்லப்பா, உங்க மவன்."

"தெரியும்" என்றார்.

பட்டியல் வந்தது. ஐந்தில் தம்பி படம் இருந்தது. சிறந்த படத்துக்கான பெரிய பட்டியலில் இல்லை. ஐந்தில் அந்தப் பட்டியலிலும் இருந்தது வேறு ஒரு படம். அப்பாவின் விதி எனக்கே மனப்பாடம், விடை எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வழக்கப்படி கேட்டேன்.

"அவன் படந்தான்" என்றார் அப்பா.

"பெரிய லிஸ்டுல அது இல்லியேப்பா. உங்க விதிப்படி பாத்தா..."

"விதி கெடக்கட்டும். தண்ணி சரியா இருக்கு. அவன்ட்ட சொல்லு."

அந்த "அவன்ட்ட சொல்லு"வைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருஷமாக அந்தப் பையன் காத்திருந்த வார்த்தை அது. அதை நான் என் வாயால் கொண்டுபோய்க் கொடுத்தால், அக்கா நமக்காகப் பூசி மெழுகுகிறாள் என்றுதான் நினைப்பான். படம் தோற்றுவிட்டால், அப்பா கேலிக்குச் சொன்னார் என்றுகூட நினைப்பான். அவ்வளவு ரோஷக்காரன்.

"இத நா சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"ஏன், சொன்னா கொறஞ்சா போயிருவ?"

"ஆமா, கொறஞ்சு போயிருவேன். தியேட்டர்ல அத்தன பேரு முன்னால தப்புன்னு சொன்னது நீங்க. சரின்னும் நீங்கதான் சொல்லணும்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கே தம்பி மெசேஜ் அனுப்பினான், அப்பா எந்தப் படம் சொன்னாரு என்று. அவரிடமே கேளு என்று போட்டேன். அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. அம்மா ஸ்ரீவைகுண்டம் போய்ப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு வந்தாள். அமெரிக்காக்காரன் ஓட்டில் பெருமாளுக்கு என்ன செல்வாக்கு என்று கேட்டேன். "நா விருதுக்கா வேண்டிக்கிட்டேன், பைத்தியக்காரி" என்றாள்.

விருது விழா அங்கே ஞாயிறு மாலை, நமக்குத் திங்கள் விடியற்காலை. பிள்ளைகளுக்கு மதிய டப்பா கட்டியபடியே போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீம்புக்கு நின்று காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? நம்புகிறானோ இல்லையோ, விருதுக்கு முன்னால் அவன் காதில் விழுந்திருக்குமே. தோற்ற பிறகு சொன்னால் அது வெறும் ஆறுதல்தானே, அதை எவன் நம்புவான்?

ஐந்து படங்களின் துண்டுக் காட்சிகளைக் காட்டினார்கள். கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. உறையைப் பிரித்தார்கள். அப்பாவின் விதி ஜெயித்தது, தம்பியின் படம் தோற்றது.

ஈரக் கையோடு தம்பிக்குப் போன் போட்டேன். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. ஆபீஸ்காரர்கள் யாராவது தேற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து அப்பாவுக்குப் போட்டேன். அவரும் வேறொரு அழைப்பில் இருந்தார். இந்த நேரத்தில் இவருக்கு யாரோடு பேச்சு என்று எரிச்சல் வந்தது. மறுபடியும் தம்பிக்குப் போட்டேன், மறுபடியும் அப்பாவுக்கு. அதே குரல், அதே பதில். கடைசியில் அம்மாவின் போனுக்கு அடித்தேன்.

"அப்பா யார்ட்டம்மா பேசிட்டு இருக்காரு?"

"யார்ட்டன்னா, உன் தம்பிட்டத்தான். நீ சொல்ல மாட்டேன்னுட்டியாம்லா. விடியமுன்ன எந்திரிச்சுக் குளிச்சுட்டு அவரே போன் போட்டுட்டாரு."

நான் அடுப்பை அணைத்தேன். "என்ன சொன்னாரு?"

"உன் படந்தாம்லே ஜெயிக்கும், தண்ணி அவ்வளவு சரியா இருக்குன்னாரு. பொறவு ரெண்டு பேரும் போன வைக்காமலே டிவி பாத்தாங்க."

"தோத்துட்டுல்லாம்மா."

"தோத்தா என்னளா. இப்ப அதுக்குத்தான் சண்ட நடக்கு. உன் தம்பி, பரவால்லப்பா, ஜெயிச்ச படமும் நல்லாத்தான் இருந்துச்சுங்கான். இவரு ஒத்துக்கிட மாட்டேங்காரு. இந்தா, நீயே கேளு."

அம்மா போனை அவர் பக்கமாக நீட்டினாள் போலிருக்கிறது. இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசுகிற அந்தக் குரல் நன்றாகவே கேட்டது.

"ஏலே, கடலப் பத்தி எனக்கு நீ சொல்லித் தராத. எவன் வேணாலும் எத வேணாலும் ஜெயிச்சுட்டுப் போறான். என் மவன் செஞ்ச தண்ணி சரி. எங்கன நின்னு கேட்டாலும் சொல்லுவேன்."

இதை அவனிடம் சொல்லு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அவனே கேட்டுக்கொண்டிருந்தான்.