கார்க் கண்ணாடியில் நான் எழுதிய எண்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஐந்து பேரை. நான்கு பேர் நான் பெற்றவர்கள், ஐந்தாவது என் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு மூன்று வயது. நான் நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவள். இந்தக் கொப்பியில் இவ்வளவும் எழுத எனக்கு இரண்டு வாரம் சென்றது. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. போன மாதம் ஒரு காலை, தம்பி வேலை செய்யும் கராஜ் வாசலில் அவனுடைய பழைய காரை வெளியே விட்டிருந்தார்கள். முன்கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. அந்தப் பனிக்குள் ஓர் எண் மெல்லத் தெரிந்தது: 14.5. என் கையெழுத்து. மூன்று வருடத்துக்கு முன் நானே துடைத்த எண்.

தம்பி இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவியவன். பிறகு ஃப்ரிபூர்க்குக்கு வந்து கராஜில் சேர்ந்து மெக்கானிக் ஆனான். கராஜின் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த அமெரிக்கக் காரை முதலாளி அவனுக்கே கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் வேகத்துக்கென்றே செய்த கார் அது. எட்டுச் சிலிண்டர், நீண்ட மூக்கு, கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடிய சத்தம். ஒன்பது குளிர்காலம் அதற்கடியில் படுத்துக் கிடந்து அதை எழுப்பி நிறுத்தினான். அவன் பெண்சாதி என்னிடம், "மச்சாள், இந்தாளுக்குப் பெண்சாதி நானோ காரோ?" என்று கேட்பாள். "கார் இவ்வளவு கதைக்காது" என்பான் அவன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றி இறக்கியதும் அவன்தான். என் பேத்தியும் அந்த வண்டியில்தான் போய்வந்தாள்.

மலைகளுக்கு நடுவே ஒரு பழைய விமான ஓடுபாதை. கோடையில் ஒரு நாள் அங்கே இப்படிப்பட்ட கார்களை ஓடவிடுவார்கள். கால் மைல் தூரம், நேர் கோடு, இரண்டிரண்டு காராக. "நீங்கள் வந்தால்தான் ஓடுவன் அக்கா. உங்கட கைராசி வேணும்" என்றான். போனேன். வழி முழுக்க, காரை ஓட்டியபடி, வேக எல்லைப் பலகை வரும்போதெல்லாம், "அக்கா, அந்தப் பலகையில எத்தனை போட்டிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். எண்பது என்றேன், அறுபது என்றேன், ஊருக்குள் வந்ததும் ஐம்பது என்றேன். படிக்காத அக்காவுக்கு மரியாதை செய்கிறான் என்று நினைத்து, கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் போட்டியில் முந்துகிறவன் வெல்வதில்லை. தன் கார் எத்தனை வினாடியில் போய்ச் சேரும் என்று முன்கூட்டியே சொல்லி, அதைக் கண்ணாடியில் எழுத வேண்டும். சொன்ன நேரத்துக்குக் கிட்ட வருகிறவனே வென்றவன். தம்பி ஒரு வெள்ளைப் பேனையை என் கையில் தந்தான். "பதினைஞ்சு புள்ளி நாலு. பெரிசா எழுதுங்கோ அக்கா." கண்ணாடியின் மேல் மூலையில் ஒரு சாண் உயரத்துக்கு எழுதினேன். அவன் நாலடி தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்துப் பார்த்து, "வடிவாய் இருக்கு" என்றான்.

நான் ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். கார் நின்ற இடத்திலேயே பின்சில்லுகளைச் சுழற்றிப் புகை கிளப்பியது. ரப்பர் கருகிய மணம் தொண்டைக்குள் இறங்கியது. பச்சை விளக்கு எரிந்ததும் கதிரையின் கால்கள் நடுங்கின. ஒலிபெருக்கியில் பதினைந்து புள்ளி நாலு என்றார்கள். தம்பி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தான். ஆனால் அங்கிருந்த அதிகாரி தலையை ஆட்டினார். தோற்றுவிட்டாய் என்றார். இவன் பிரெஞ்சில் வாதாடினான். அவர் இவனைக் கண்ணாடிக்கு முன்னால் கூட்டிப்போய் விரலால் காட்டினார். தம்பி குனிந்தான். இன்னும் குனிந்தான். மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் கிட்டப் போன பிறகுதான் அவனால் அதை வாசிக்க முடிந்தது.

நான் எழுதியது பிழைதான். நாலையும் ஐந்தையும் மாற்றிப் போட்டுவிட்டேன். ஆனால் சாண் உயர எண்ணை நாலடியில் நின்று பார்த்து, வடிவாய் இருக்கு என்று சொன்னது அவன்.

பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் மணி அடித்தது. இந்த நாட்டில் மத்தியானம் ஒரு மணி நேரம் அமைதி. எல்லா இயந்திரமும் நின்றது. நான் இடியப்பப் பெட்டியைத் திறந்தேன்.

"எவ்வளவு நாளாய்?" என்று கேட்டேன்.

"என்னது?"

"நடிக்காதை. கண்."

சம்பலைப் பிசைந்துகொண்டே சொன்னான். "போன மாரியில இருந்து. சீனி வருத்தம் கண்ணுக்குள்ளை இறங்கிட்டுதாம். இடது கண் ஒரே புகை. வலது சமாளிக்கும்."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"கார் ஓட வேண்டாமெண்டு. வீட்டில அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"அப்ப, வழியில என்னைப் பலகை வாசிக்க வைச்சது?"

"நீங்கள் நல்லாத்தான் வாசிச்சியள்" என்று சிரித்தான்.

"சனிக்கிழமையில ஆர் வாசிக்கிறது?"

அதற்கு அவன் சிரிக்கவில்லை. "முன்சீட்டில இருக்கிற பிள்ளை. உங்கட பேத்திதான். அவளுக்கு அது விளையாட்டு" என்றான்.

நான் பெட்டியை மூடினேன். ஒரு மணிக்கு இயந்திரங்கள் திரும்ப உறுமத் தொடங்கின. "பின்னேரம் இன்னொரு ஓட்டம் இருக்கு அக்கா. நேர் கோடுதானே. இந்த முறை சரியா எழுதிவிடுங்கோ" என்று பேனையை நீட்டினான். வாங்கிக் கைப்பைக்குள் போட்டேன். சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து எண்ணைத் துடைத்தேன். எண் இல்லாத காரைக் கோட்டில் நிறுத்த விடமாட்டார்கள்.

"ஒன்பது மாரி அக்கா" என்றான்.

"ஓம். வா, பஸ்ஸில போவம்."

வேறு பேனை அங்கே எவரிடமும் வாங்கியிருக்கலாம். அவன் வாங்கவில்லை. கார்த் திறப்பைச் சாவிக்கொத்தோடு எடுத்து என் கையில் வைத்தான். பஸ்ஸிலும் ரயிலிலுமாக வீட்டுக்கு வந்தோம். காரை முதலாளி அடுத்த நாள் போய் எடுத்து வந்தார். அந்த வாரமே தம்பி தன் லைசென்ஸைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தான். இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. வளர்த்தவள் எதற்குக் கெஞ்ச வேண்டும்? மூன்றாம் மாதம் பஸ்ஸில் வந்தான். ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, திரும்பி நடந்து வந்திருந்தான். "சோறு இருக்கோ?" என்றான். இருந்தது.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணை லேசர் காப்பாற்றிக் கொடுத்தது. இப்போது கராஜின் உதிரிப்பாக அறையில் நிற்கிறான். விரலால் தடவியே எது எதென்று சொல்வான். பள்ளிக்கூட வானை இப்போது அவன் பெண்சாதி ஓட்டுகிறாள். "என்னைவிட மெதுவா ஓடுறாள், பள்ளிக்கூடம் விட்டாப்பிறகுதான் போய்ச் சேருவாள்" என்று சொல்லிச் சிரிக்கிறான்.

போன மாதம் அந்தப் பனிக் கண்ணாடி முன் நான் நின்றபோது அவன் பக்கத்தில் வந்து நின்றான். "என்னக்கா பாக்கிறியள்?" என்றான். அவன் நின்ற இடத்திலிருந்து அவனுக்கு அது தெரியாது. ஒன்றுமில்லை என்றேன். இந்த முறை துடைக்கவில்லை. வெயில் ஏறி அதுவாகவே மறையும் வரை நின்றேன்.

பேத்தி இப்போது பக்கத்தில் இருக்கிறாள். அன்று முன்சீட்டில் இருந்து பலகை வாசித்தவள். இந்தா பிள்ளை, முதலில இருந்து வாசி. அந்த எண் வாற இடத்தில கொஞ்சம் நில். நான் மாத்தி எழுதியிருந்தால் சொல்லு.