உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு ஞானம் பிறந்தது. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைப்பது திடீரென்று கேவலமாகப் பட்டது. தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. கவிதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா? கவிதைதான் வரவில்லை. விசைகள் மேல் ஒட்டிய எழுத்துகளை எங்கள் ஊர்க் கடலோர ஏரியின் உப்புக்காற்று ஒவ்வொன்றாக உரித்தது. முதலில் போனது 'ழ'. ரசனையுள்ள காற்று.

மூன்றாவது வாரம், தோணிரேவு கிராமத்தில் எங்கள் தெருக்காரி ஒருத்தி மனு அடித்து வாங்க என் வீட்டுக்கு வந்தாள். ஏரிச் சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பவள். படகு இல்லை, வலை இல்லை, ஆகவே மீனவர் இல்லை என்று அரசின் மீனவர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். இருபது வருடமாக இடுப்பளவு தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. திரும்பச் சேர்க்க மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். பொன்னேரியில் அதிகாரி பன்னிரண்டு மணி வரைதான் இருப்பார்.

"பத்து நிமிசத்துல அடிச்சிக் குடுப்பியேணா. இன்னா ஆச்சி உனுக்கு?"

"இது புது முறைம்மா."

"பழசு இன்னா பண்ணிச்சி?"

மொழியின் ஆன்மா, விரலின் விடுதலை என்று விளக்கினேன். அரை மணியில் ஒன்றரை வரி வந்திருந்தது.

"எழுத்தையே மொறைச்சிக்கினு கீறியே. நாங்க பறிக் கூடைய பல்லுல கடிச்சிக்கினு ரெண்டு கையையும் சேத்துல வுடறோம். ஒருத்தியாவது தண்ணிய பாத்துக்கினா புடிக்கிறா?" கொடியில் கிடந்த துண்டை உருவி என் கைகள் மேல் போட்டாள். "இப்ப அடி."

அடித்தேன். திரையில் வந்தது எந்த நாட்டு மொழியோ. வெளியே ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. துண்டுக்கு அடியில் இரண்டு விசைகளை அழுத்தி, சத்தமில்லாமல் பழைய முறைக்குத் திரும்பினேன். ஏழு நிமிடத்தில் மனு பிரிண்டரிலிருந்து வந்தது.

"பாத்தியா, கண்ண மறைச்சதும் கை எப்டி ஓடுது," என்று சொல்லிவிட்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

சாயங்காலம் மனுவின் நகலைக் காட்டினாள். நேரத்துக்குப் பெற்றுக்கொண்டதற்கு ஊதா முத்திரை.

"உன் புது முறையாலதாண்ணா ஆச்சி. உட்றாத அத்த."

"விடமாட்டேன்மா," என்றேன், கூசாமல்.

ஆனால் பெயர் சேர்வதற்கு முன் ஒரு விசாரணை உண்டாம். அவள் நிஜமாகவே பிடிக்கிறாளா என்று அதிகாரிகள் கரையில் நின்று பார்ப்பார்களாம்.

"கரையில நின்னுகினு பாத்தா தண்ணிக்குள்ள என் கை எங்கணா தெரியும்?" என்று கேட்டாள்.

மனுவில் எழுதியிருக்க வேண்டிய ஒரே வரி அதுதான். எனக்குத் தோன்றவில்லை.