பத்தடி தள்ளி ஒரு கோழிக்கூண்டு

எட்மண்ட் ஓய்வுபெற்ற மாதமே எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, குன்னூருக்குக் கீழே ஒரு சிறிய பேரூராட்சியில், மலைச்சரிவில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மனைவி முந்தைய வருஷமே இறந்துவிட்டாள். மகள் ஃபெபி கோயம்புத்தூரில் இருந்தாள்.

வாழ்நாளெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையில் கழித்தவர். கொழுந்து வாடும் தொட்டிக்கும் உருட்டும் இயந்திரத்துக்கும் இடையே நடந்து நடந்தே, தேயிலைப் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் ஆனவர். மழை நாளில் கொழுந்து ஒரு மாதிரி வாடும், வெயில் நாளில் வேறு மாதிரி. நம்பி விட்டுவிட்டு நகர முடியாது. அப்படியே பழகிய உடம்புக்குச் சும்மா இருக்கும் வித்தை கைவரவில்லை. காலையில் பஸ் ஏறிக் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போவார். கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு மத்தியானம் மறுபடியும் போவார்.

"அப்பா, இங்க வந்துருங்களேன்" என்பாள் ஃபெபி போனில்.

"அங்க வந்து என்னம்மா பண்ணுவேன்? அங்கயும் பஸ்தான் ஏறுவேன்."

ஒருநாள் மேட்டுப்பாளையம் சந்தையிலிருந்து நாட்டுக்கோழிகளைக் கூடையில் போட்டு எடுத்துவந்தார். பழைய பலகைகளை அறைந்து கூண்டு செய்தார். தீனி, தண்ணீர், எச்சம் வாருவது, முட்டை தேடுவது என்று கைக்கு வேலை வந்தது. பஸ் ஏறுவது நின்றது.

அந்தச் சரிவில் வீடுகள் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கீழ்வீட்டின் கூரையும் மேல்வீட்டின் முற்றமும் ஒரே மட்டம். மேல்வீட்டில் இருந்தவர் ஜானகியம்மாள். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். துணைக்கு ஜிம்மி என்றொரு நாட்டுநாய். எட்மண்டின் கூண்டு ஜானகியம்மாள் வீட்டுத் தடுப்புச்சுவரை ஒட்டி இருந்ததால் நாற்றம் நேராக மேலே ஏறியது.

"ஏனுங்க எட்மண்ட், கோழி வாடை எங்கூட்டுச் சாமி ரூம் வரைக்கும் வருதுங்க."

"காத்து மேல ஏறினா நான் என்னங்க பண்றது?"

"காத்தக் குத்தஞ் சொல்லலீங்க. கூண்டச் சொல்றேன்."

"உங்க நாயி பகலெல்லாம் கொலைக்குதே, அத நான் சொன்னனுங்களா?"

சொன்னாரே தவிர, அன்று சாயங்காலமே கூண்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்தார். மறுநாள் வாடை ஜானகியம்மாளின் சமையலறைக்குப் போனது. பேச்சு வளர்ந்தது. கடைசியில் அந்த அம்மாள் பேரூராட்சியில் புகார் கொடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்துப் பேரூராட்சியும் புது விதிகளைக் கொண்டுவந்திருந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் சொன்னார்கள். நாய்க்கு ஊசி போட்டு உரிமம் வாங்க வேண்டும், தெருவில் கயிறில்லாமல் விடக் கூடாது, கோழிக்கூண்டு பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி இருக்க வேண்டும். சுகாதார ஆய்வாளர் மனோகரன் அளவு டேப்புடன் வந்தார். முதலில் ஜானகியம்மாளிடம் நாய்க்கு உரிமம் கேட்டார். இல்லை. புகார் கொடுத்தவருக்கே நோட்டீஸ் போனதில் எட்மண்டுக்கு ஒரு சின்ன சந்தோஷம். அது டேப்பை விரிக்கும்வரைதான். எட்மண்டின் முற்றமே சுவரிலிருந்து எட்டடிதான். அதற்கப்பால் வேலி. வேலிக்குக் கீழே உண்ணிச்செடிப் புதரும், கவாத்து பார்க்காமல் விட்டு மரமாகிப்போன பழைய தேயிலைக் காடும்.

"பத்தடிக்கு நான் எங்கீங்க போவேன்?"

"நான் அளக்கறவந்தானுங்க" என்றார் மனோகரன், சங்கடத்தோடு. "கூண்ட எடுத்துருங்க, இல்லாட்டித் தள்ளி வைங்க."

எடுத்துவிட எட்மண்டுக்கு மனம் வரவில்லை. வேலிக்கு வெளியே மண்ணை வெட்டிச் சமன்செய்து, கூண்டை அங்கே இறக்கினார். மனோகரன் வந்து அளந்து, சரி என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எட்மண்ட் படாத பாடு பட்டார். சமையலறை ஜன்னலிலிருந்து இனிக் கூண்டு தெரியாது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வேலிக்கு ஓடுவார். பைபிளைத் திறந்தால் ஒரு வசனம் முடிவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். கோழி கொக்கரித்தாலும் மனசு பதறும், கொக்கரிக்காவிட்டாலும் பதறும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதியில் எழுந்து வந்ததைப் பாஸ்டரே கேட்டுவிட்டார்.

ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில் பனிமூட்டம் கையை நீட்டினால் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. ஜிம்மி குரைத்தது. வழக்கமான குரைப்பு இல்லை. அடித்தொண்டையிலிருந்து, இடைவிடாமல். எட்மண்ட் கதவைத் திறப்பதற்குள், கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு அது அவருடைய தகரக் கூரைமேல் குதித்து, முற்றத்தில் விழுந்து, வேலியைத் தாண்டிவிட்டது. கைக்கு அகப்பட்ட சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, தட்டிக்கொண்டே, என்னவென்று தெரியாமல் கத்திக்கொண்டே அவர் ஓடினார்.

பனிக்குள் மஞ்சளாக ஒரு முதுகு அசைந்தது. தட்டுச் சத்தத்தில் திரும்பிப் புதருக்குள் மறைந்தது. சிறுத்தை. கூண்டு கவிழ்ந்து கிடந்தது. எங்கும் இறகு. ஜிம்மி தோள் கிழிந்து கிடந்தபடி, சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

ஸ்வெட்டரைக் கழற்றி நாயைச் சுற்றித் தூக்கிக்கொண்டு அவர் மேலே ஏறினார். ஜானகியம்மாள் வெறுங்காலோடு படியிறங்கி வந்தார். ஆண்டி என்பவரின் ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்கு விரைந்தார்கள். நாயின் தலை அந்த அம்மாள் மடியில், உடம்பு இவர் மடியில்.

"நாந்தானுங்க கூண்டக் கொண்டுபோயி காட்டுக்குள்ள வெச்சேன்" என்றார் எட்மண்ட்.

"வெக்க வெச்சது நானுங்க" என்றார் ஜானகியம்மாள்.

ஜிம்மி பிழைத்தது. முன்னங்கால் மட்டும் சரியாகவில்லை. புதரில் ஒளிந்து தப்பிய இரண்டு கோழிகளை எட்மண்ட் ஆண்டியிடமே கொடுத்துவிட்டார். கையில் வேலை இல்லாமல் போனது. பழையபடி பஸ் ஏறினார். இந்த முறை மார்க்கெட்டுக்கு அல்ல, பேரூராட்சி அலுவலகத்துக்கு.

"இது சமவெளிக்குப் போட்ட கணக்குங்க. நம்ம ஊர்ல பத்தடி தள்ளினா காடு" என்றார் தலைவரிடம்.

"பாக்கலாம்" என்றார் தலைவர்.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். அவர் தலை தெரிந்ததும் எழுத்தர் டீ குடிக்க எழுந்துபோகத் தொடங்கினார். மனோகரன் மட்டும், "விடாம வாங்க" என்று காதோடு சொன்னார். ஒருநாள் ஜானகியம்மாளும் கூடவே வந்து தலைவர் மேசைமுன் நின்றார். "புகார் குடுத்தவ நாந்தானுங்க. நாத்தம் நெசம். ஆனா கூண்டத் தள்ளி வெச்சதுல எங்கூட்டு நாயி நொண்டியாயிருச்சு. நாத்தத்துக்கு வேற வழி சொல்லுங்க."

ஐப்பசி மழை முடியும்போது விதி திருத்தப்பட்டது. சரிவு வீடுகளுக்குப் பத்தடி தேவையில்லை. நாலாபக்கமும் மேலேயும் கம்பிவலை, கழுவிவிட சிமெண்ட் தரை, பக்கத்து வீட்டாரின் சம்மதம் இருந்தால் போதும்.

"சம்மதம் நான் தரேனுங்க. கோழி வாங்கிக்கோங்க" என்றார் ஜானகியம்மாள்.

"வேண்டாமுங்க. மேகம் எறங்கினாலே நெஞ்சு படபடங்குது."

ஆனால் கம்பிவலைக் கூண்டு எப்படி இருக்க வேண்டுமென்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். சரிவில் கோழி வளர்க்கும் வீடுகளுக்கெல்லாம் போய் அவரே கட்டிக்கொடுக்க ஆரம்பித்தார். கீழ்வரிசையில் இருக்கும் செல்வி வீட்டில் ஒரு சாயங்காலம் கூண்டை முடித்துக் கிளம்பியவர், பாதி வழியில் திரும்பி வந்தார்.

"என்னங்க, சுத்தியல விட்டுட்டீங்களா?" என்றாள் செல்வி.

"இல்லம்மா, கொண்டி சரியா விழுந்துச்சான்னு பாக்கணும்."

கதவை உலுக்கிப் பார்த்தார். வலையின் நான்கு மூலைகளையும் இழுத்துப் பார்த்தார். கீழே தேயிலைக் காட்டிலிருந்து மேகம் ஏறி வரத் தொடங்கியிருந்தது. செல்வி கொண்டுவந்த டீயை நின்றபடியே இரண்டு வாயில் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக் கொண்டியைப் பார்க்க வேகவேகமாகப் படியேறினார்.