துப்பாக்கியை ஒப்படைக்காத கலியமூர்த்தி

பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நின்ற கலியமூர்த்தி முந்தாநாள் இறந்துவிட்டார். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

விருத்தாசலத்தில் அந்த பேங்கில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு ஆளைத் தெரியும். காக்கி உடுப்பு, நரைத்த மீசை, தோளில் ஒற்றைக்குழல் துப்பாக்கி. பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆகி வந்தவர்.

துப்பாக்கி பேங்குடையது இல்லை. அவருடைய சொந்தத் துப்பாக்கி, அவர் பேரில் லைசென்ஸ். அது இருந்ததால்தான் அந்த வேலையே.

நான் பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்தவன். சம்பளம் எடுக்கப் போய்ப் பழக்கம். என்னைவிடச் சின்னவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

ஒருமுறை நல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வரிசையில் நின்றபடி கேட்டார். "ஏங்க, இதுல நெசமாவே குண்டு இருக்குதா, இல்ல சும்மா தொங்குதா?"

"இருக்குதுங்க. கடன் கட்டாதவங்களுக்குன்னு வாங்கினது இல்ல. பயப்படாம உள்ள போங்க."

வரிசையே சிரித்தது. கலியமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை.

டீ வந்தால் முதலில் தோட்டாவைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பையின் பட்டனைப் போட்ட பிறகுதான் கிளாஸைத் தொடுவார். ஒருநாள்கூட இது மாறி நான் பார்த்ததில்லை.

கட்சிக்காரர் ஒருவர் கேமரா போனை எடுத்துக்கொண்டு வந்தார். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுக்க வேண்டுமாம்.

"மழைக்குப் புடிக்கிற கொடைன்னா குடுத்துடுவேங்க. இது கொடை இல்ல" என்றார் கலியமூர்த்தி.

அடுத்த மாதமே பஸ் ஸ்டாண்டில் அந்தக் கட்சிக்காரருக்குப் பிறந்தநாள் பேனர். கையில் மெஷின் கன், கம்ப்யூட்டரில் ஒட்டியது. போலீஸ் ஜீப் அந்த பேனரின் நிழலில்தான் நின்றுகொண்டிருந்தது. லைசென்ஸ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

சினிமா போஸ்டரைப் பாருங்கள். சுவர் முழுக்கத் துப்பாக்கி, அரிவாள். அதற்கெல்லாம் ஒரு சட்டமும் வராது. ஒழுங்காக லைசென்ஸ் வைத்திருப்பவன் வாசலுக்குத்தான் சட்டம் வரும்... சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அப்புறம் 2006 தேர்தல்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். பேங்க் காவலுக்கு இருப்பவர்கள் விலக்குக் கேட்கலாம். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். ஆனால் ஆயுதச் சட்டத்தைப் புத்தகமாக வாங்கி வரி விடாமல் படித்திருக்கிறேன்.

விலக்குக்கு எழுதுகிறேன் என்றார் மேனேஜர். எழுதினாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

கலியமூர்த்தி என் வீட்டுக்கே வந்துவிட்டார். "என்னாண்ணே பண்றது? நாளைக்குள்ள கொண்டாந்து குடுன்றாங்க. குடுத்துட்டா எலக்சன் முடிஞ்சி வந்துடும்."

"குடுக்காத. வாயால சொன்னா ஆச்சா? ஆர்டரை எழுத்துல கேளு. மனுவை நான் எழுதறேன்."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "நீங்க சொன்னா சரிண்ணே."

மனு எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகை அட்டையும் வந்தது. பதில் வரவில்லை.

பதினோராம் நாள் ஜீப் வந்தது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்க்கத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார்கள். பையில் இருந்த தோட்டாவை அவரே பட்டனைக் கழற்றி எடுத்துக் கொடுத்தாராம்.

உத்தரவை மீறினார் என்று வழக்கு. லைசென்ஸ் ரத்து. தேர்தல் முடிந்து எல்லாருடைய துப்பாக்கியும் திரும்பி வந்தது, இவருடையது வரவில்லை. பேங்க் வேறு ஆளைப் போட்டுக்கொண்டது.

அதற்குப் பிறகு கலியமூர்த்தி ஒரு பீங்கான் யூனிட் கேட்டில் கம்போடு நின்றார். களிமண் லாரி வந்தால் கேட்டைத் திறப்பார், போனதும் சாத்துவார்.

நான் சொன்னதில் சட்டப்படி தப்பு இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மூன்று வருஷம் மனு, அப்பீல், நினைவூட்டல்... எல்லாம் என் கையெழுத்தில்தான் போனது. ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்க மாட்டார். நான் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

போன மாதம் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். "இன்னும் எத்தினி போடணும்ணே?"

"துப்பாக்கி வர்ற வரைக்கும்."

பேனாவை வாங்கிக்கொண்டார். "நான் அன்னிக்கே போயி குடுத்துட்டு வந்திருப்பேண்ணே" என்றார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நேற்று எடுத்தோம். இன்று காலை பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது அவர் மனைவி அஞ்சலை என்னிடம் வந்தார்.

"அண்ணே, அந்தத் துப்பாக்கி எங்களுக்கு வேணாம். கவர்மெண்டே வச்சிக்கட்டும்னு எழுதிக் குடுத்துடுங்க."

"அப்பீல் நிக்குதும்மா. நம்ம பக்கம்தான் ஆவும்."

"அப்படியே ஆனாலும் யாருண்ணே தோள்ல மாட்டிக்கப் போறாங்க?"



அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நாலு வரிதான். 'துப்பாக்கியை ஒப்படைக்கிறோம்' என்ற வரியை எழுத நேரம் ஆனது. கீழே அஞ்சலை கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அந்தக் காகிதத்தை நானே ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பெற்றுக்கொண்டோம் என்று எழுத்தில் வாங்காமல் அந்த ஸ்டேஷன் படியை விட்டு இறங்க மாட்டேன்.

போயிட்டு வாய்யா, கலியமூர்த்தி.