சின்னப்பயலுக்கு முடிந்த காசு

பரளச்சிக்குப் போகும் தார்ச்சாலையில் அறுவடைக் காலத்தில் சோளக்கதிரைப் பரப்பிப் போட்டிருப்பார்கள். பஸ் ஒதுங்கிப் போகாது, அதன் மேலேயே ஏறிப் போகும். சக்கரம் மிதித்தால்தான் மணி உதிரும். ஏறாமல் போகிற டிரைவருக்கு ஏச்சு விழும். எங்கள் ஊரில் ராணுவ வண்டிச் சத்தம் கேட்டாலே வேலிக்குள் பாய்ந்து ஒளிந்து பழகிய எனக்கு, ஒரு வண்டி எப்போது வரும் என்று ஆவலாகப் பார்த்து நிற்கும் இந்தச் சனங்களைக் கண்டு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பொறாமை வந்தது. ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல முகாம்களில் இருப்பவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன்.

தொண்ணூறில் சண்டைக்குத் தப்பி, சித்தியும் நானும் ஒரு படகில் கடல் தாண்டி வந்தோம். அடுத்த படகில் வருவதாக இருந்தவன் என் தம்பி தயாபரன், பத்து வயது. அந்தப் படகு வரவில்லை. கரையில் நின்றுவிட்டதா, கடலில் போய்விட்டதா என்று சொல்ல ஆளில்லை. ஊரில் தங்கிவிட்ட அம்மாவிடமிருந்தும் கடிதம் எதுவும் வரவில்லை. முகாமில் நாங்கள் அவன் பெயரை எடுப்பதையே விட்டுவிட்டோம்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு வத்தல் கிட்டங்கியில், அதாவது மிளகாய்க் கிடங்கில், எனக்கு வேலை கிடைத்தது. காய்ந்த மிளகாயில் காம்பு கிள்ள வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்த பேச்சியம்மா அக்கா முதல் நாளே விசாரணையைத் தொடங்கினாள்.

"ஏந்தாயி, சொந்த ஊர விட்டு வந்தீக?"

"சண்டையாலதான் அக்கா."

"யாருகூட, மாமியாகூடவா?"

கல்யாணமே ஆகாதவள் நான். விளங்கச் சொல்வதற்குள் மிளகாய்க் கையால் கண்ணைத் தேய்த்துவிட்டேன். பாதி நாள் அழுது தீர்த்தேன். கிட்டங்கி முதலாளி அண்ணாச்சி பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்குக் காம்பு கிள்ள வராது, புஸ்தகமாச்சும் வாசிக்கட்டும்" என்றார். இரக்கம் மட்டுமில்லை. நான் வாசித்தால் பெண்கள் வாயை மூடிக்கொண்டு விரலை ஓட்டுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அது சரியாகவும் இருந்தது. உட்கார்ந்து கதை படிக்கக் கூலி கொடுக்கும் நாடு வேறெங்காவது இருக்கிறதா, சொல்லுங்கள்!

நூலகத்திலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் போவேன். அப்படி ஒரு முறை அகப்பட்டது ஒரு மொழிபெயர்ப்பு நாவல். எங்கோ ஒரு குளிர் நாட்டில் போர். அக்காவும் தம்பியும் உயிர் தப்பி நடக்கிறார்கள். அந்தப் பையனின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, எல்லோரும் 'சின்னப்பய' என்றார்கள். அவன் பனியில் நடந்தபோது, "ஒரு போர்வ குடுக்க நாதியில்லையா அந்த ஊர்ல" என்று பேச்சியம்மா அக்கா கொதித்தாள். புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஒரு ரயில் நிலையத்தில் கூட்டம் நெருக்கி அக்காவையும் தம்பியையும் பிரித்துவிட்டது. அத்தோடு புத்தகத்தை மூடினேன். தலைவலி என்றேன். அடுத்தடுத்த நாட்களில் வாரப் பத்திரிகைத் தொடரை வாசித்துச் சமாளித்தேன். பக்கத்தைப் புரட்டினால் அந்தப் பையன் செத்திருப்பான், அவன் செத்தால் என் தம்பியும் இல்லை என்று ஒரு மடப்பயம். படித்தவளுக்கு வரக்கூடாத பயம்தான். ஆனால் வந்தது.

பெண்கள் விடவில்லை. "சின்னப்பய என்னானான்?" என்று தினமும் கேட்டார்கள். தெரியாது என்றேன். கடைசியில் பேச்சியம்மா அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"வெள்ளிக்கெளம அய்யனாருக்குக் காசு முடிஞ்சு போடுவோம். பய கெடைச்சா மொட்டை போடுறோம்னு வேண்டிக்கிருவோம்."

"அக்கா, அது கதை. அப்பிடி ஒருத்தன் இல்லை."

"இல்லாத பயலுக்கா நீ தலவலியில படுத்த?"

வெள்ளிக்கிழமை பரளச்சி பஸ்ஸில் ஏறி, சாலையோர அய்யனார் கோயிலுக்குப் போனோம். பேச்சியம்மா அக்கா மஞ்சள் துணியில் ஒரு காசை வைத்து முடிந்து கொடுத்தாள். தேங்காயை எடுத்த பூசாரி, பேரும் நட்சத்திரமும் கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீதான படிச்ச, சொல்லு தாயி."

"தயாபரன்," என்றேன். "பூரட்டாதி."

தேங்காய் உடைந்தது. சின்னப்பயலின் பெயர் அது இல்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பேச்சியம்மா அக்கா பூசாரியிடமிருந்து துணியை வாங்கி அவிழ்த்தாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து இன்னொரு காசை எடுத்து அதில் வைத்து மறுபடி முடிந்து, கோயில் வாசல் மரக்கிளையில் கட்டினாள்.

"இப்ப ரெண்டு பேருக்கும் ஆச்சு. அளுகாத, பஸ்ஸு வந்துரும்."

மறுநாள் புத்தகத்தை அவளே என் மடியில் வைத்தாள். வாசித்தேன். தம்பி கிடைத்தானா என்று சொல்லாமலே கதை முடிந்துவிட்டது. "எளுதுனவன் கண்ணுல இந்த வத்தலத் தேய்க்க!" என்றாள் அக்கா. கிட்டங்கியே சிரித்தது. நானும் சிரித்தேன், வெகுநாளைக்குப் பிறகு.

மூன்று வருடம் கழித்து எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முகாமுக்கு வந்து சேர்ந்தார். பயந்து பயந்து கேட்டேன். "தயாபரனோ? அந்தப் படகு கரையை விட்டே போகேல்லை, அவன் கொம்மாவோடதானே இருக்கிறான். இப்ப மீசையும் அரும்பிட்டுது," என்றார், நேற்றுச் சந்தையில் பார்த்தவனைப் பற்றிச் சொல்வதுபோல. நான் கிட்டங்கிக்கு ஓடினேன். பேச்சியம்மா அக்கா மிளகாய்க் கையோடே என் கன்னத்தை வழித்தாள். அன்றைக்கும் அழுதேன், எரிச்சலிலும் சந்தோஷத்திலும்.

அம்மாவின் கடிதங்கள் இப்போது வருகின்றன. நான் திரும்பி வந்தால் பொங்கல் பொங்குவதாக எங்கள் ஊர் அம்மனிடம் அவளும் ஒரு காசு முடிந்து வைத்திருக்கிறாளாம். எப்போது வருகிறாய் என்று கேட்கிறாள். இங்கே பேச்சியம்மா அக்கா ஒவ்வொரு பங்குனிக்கும் அய்யனார் கோயிலில் நிறம் போன துணியை மாற்றிப் புது மஞ்சள் துணியில் அதே இரண்டு காசுகளை முடிகிறாள். "ஒந்தம்பி எப்ப மொட்டை போட வாரான்?" என்று கேட்கிறாள். இருவருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: சண்டை ஓயட்டும். என்னை எதிர்பார்த்து அங்கே ஒரு முடிச்சு. அவனை எதிர்பார்த்து இங்கே ஒரு முடிச்சு. பரளச்சி பஸ்ஸில் போகும்போது கோயில் பக்கத்து ஜன்னலோரமாகவே உட்காருகிறேன். கதிரின் மேல் ஏறி பஸ் மெதுவாகும் இடத்தில் எட்டிப் பார்ப்பேன். துணி இருக்கிறது.