மாட்டுத்தடமும் பொக்லைன் தடமும்

கல்வராயன் மலையில் இயற்கை போதவில்லை என்று ஒரு ரிசார்ட் முதலாளிக்குத் தோன்றிவிட்டது. திருக்கோவிலூர்ப் பக்கம் நெல் மில் வைத்திருந்த குடும்பம். மலையடிவாரத்தில் வாங்கிப் போட்டிருந்த சரிவில் பொக்லைனை இறக்கி, கியர் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்றே ஒரு தடம் வெட்டினார். அங்கே கிடந்த கல்லையெல்லாம் முதலில் அப்புறப்படுத்தினார்கள். பிறகு, பார்க்க இயற்கையாக இருக்கவேண்டும் என்று வெளியிலிருந்து கல் வாங்கி வந்து சிமெண்ட் வைத்துப் பதித்தார்கள். ஓடையே இல்லாத இடத்தில் ஒரு மரப்பாலம். வாசலில் ‘இயற்கையோடு இணையுங்கள்’ என்று பெரிய பலகை. பலகையை மறைக்கிறதென்று ஒரு புளியமரத்தை வெட்டியிருந்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் தடம். மாடுகள் போட்டது. மேய்ந்துவிட்டு இறங்குகிற மாடு, பின்னால் வருகிற சைக்கிள்காரி எப்படித் திரும்புவாள் என்றெல்லாம் கவலைப்படுவதில்லை. வேர் குறுக்கே ஓடும், கல் உருளும், முள் சட்டையைப் பிடித்து இழுக்கும். சில நாள் தடத்தைப் போட்டவர்களே நடுவில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருப்பார்கள். மணி அடித்தால் காது மட்டும் ஆடும்.

‘எங்கள்’ என்றால் நானும் சிஸ்டரும். நான் கள்ளக்குறிச்சியில் கணக்கு டீச்சர், அவர் நர்ஸ். நாற்பது தாண்டிய இரண்டு பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் சாலையில் சைக்கிளில் போனால் ஊர் சும்மா இருக்குமா? “இன்னா டீச்சர், ஸ்கூட்டி ரிப்பேரா?” என்று டீக்கடையில் ஒருவர் வாராவாரம் அக்கறையாக விசாரிப்பார். தார்ச் சாலையில் மேலே ஏறி, மாட்டுத்தடத்தில் இறங்குவோம். எப்போதும் சிஸ்டர்தான் முன்னால். அவர் சக்கரம் போன இடத்தில் என் சக்கரத்தை விடுவேன். அதற்கு மேல் எனக்கு ஒரு திறமையும் கிடையாது.

போன ஆடியில் அவர் ஒரு வளைவில் விழுந்து காறை எலும்பு முறிந்துபோனது. எலும்பு சேர்ந்துவிட்டது, துணிச்சல் மட்டும் திரும்பவில்லை. ஏரிக்கரை இறக்கத்தில்கூட இரண்டு பிரேக்கையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தார். அவர் வீட்டுக்காரர் தீர்ப்பே சொல்லிவிட்டார். “மாட்டுத்தடத்துக்குத்தான் போவணும்னா சைக்கிள வித்துடு. ரிசார்ட்ல நல்லா சமமா போட்டு வெச்சிருக்கான் இல்ல, அங்க ஓட்டு.”

அவரில்லாமல் நான் மலைப்பக்கமே போகவில்லை. பயம்தான், வேறென்ன. ஞாயிற்றுக்கிழமைகள் துணி துவைப்பதிலும் விடைத்தாள் திருத்துவதிலும் சீரழிந்தன. அவர் மறுபடி எனக்கு முன்னால் ஓட்டவேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக, வாய் ஓயாமல் கிண்டல் செய்த அதே ரிசார்ட்டுக்கு நானே இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

பொங்கல் முடிந்த வாரம். தடத்தின் முதல் திருப்பம் தாண்டினால் மண்ணையே காணோம், முழுக்கப் பிடுங்கிப் பரப்பிய கொள்ளுச் செடி. எங்கள் பக்கம் கொள்ளைப் பிடுங்கினால் நடுரோட்டில்தான் பரப்புவார்கள். போகிற வண்டியெல்லாம் சம்பளம் கேட்காமல் ஏறி அடித்துக் கொடுத்துவிடும். இங்கேயோ பொக்லைன் வைத்துக் கெட்டிப்படுத்திய தரை, கல் இல்லை, முள் இல்லை. மலையில் இவ்வளவு அருமையான களத்தை அதுவரை யாரும் கட்டிக் கொடுத்ததில்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு வந்த மலைக்காரப் பெண்கள் மூன்று பேர், சைக்கிளில் தாவுவதற்கென்று கட்டிய மேட்டின் மேல் மீதிச் செடியைப் பெரிய குவியலாகக் குவித்துவிட்டு எங்களுக்காகவே காத்திருந்ததுபோல எழுந்தார்கள்.

“அகலமான பட்ட டயரா? நல்லதாப் போச்சி. மேலயே போங்க, மேலயே வாங்க.”

சிஸ்டர் வழக்கம்போலப் பிரேக்கைப் பிடித்தார். பின் சக்கரம் கொடியில் வழுக்கியது. முகம் வெளுத்துவிட்டது.

“பிரேக்கு புடிக்காதம்மா, வாரி வுட்டுடும். மிதிச்சிக்கினே இரு!”

வேறு வழியில்லை. மிதித்தார். போனார், வந்தார், மறுபடி போனார். தூசியில் தும்மினார், தும்மிக்கொண்டே சிரித்தார். பணம் கட்டி டிக்கெட் வாங்கிக்கொண்டு கொள்ளு அடித்துக் கொடுத்த முதல் ஆட்கள் அந்த மாவட்டத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார். “இன்னாது இது? யாரு வுட்டது உள்ள?”

“சும்மா கெடக்குற எடம்தானே சாமி. சாயங்காலம் வாரிக்கினு போயிடுவோம்,” என்றார் ஒரு பெண்.

அவர் திட்ட வாயைத் திறந்தார். அதற்குள் சென்னையிலிருந்து வந்த இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் பிடிப்பதைப் பார்த்துவிட்டார். முகம் அப்படியே மலர்ந்தது. “மலைவாழ் மக்கள் அனுபவம், சார். நம்ம பேக்கேஜ்லயே வருது.”

நான் திரும்பிப் பார்த்தபோது சிஸ்டர், அந்தப் பெண்கள் பிரித்துவிட்டிருந்த வேலியின் இடைவெளியில் நுழைந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் மாட்டுத்தடம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதறிப்போய் அவர் பின்னாலேயே சைக்கிளை விட்டேன். வேர், கல், முள், எல்லாம் அதனதன் இடத்தில் பத்திரமாக இருந்தன. அவர் விழுந்த வளைவு வந்தது. அவர் விரல் பிரேக்கில் இல்லை. என் இரண்டு பிரேக்கும் கிறீச்சிட்டன. அவர் சக்கரம் கல்லுக்கு இடப்பக்கமாக வளைந்து போனது. என் சக்கரமும் அங்கேயே போனது.

கீழே தார்ச் சாலையில் காலை ஊன்றி நின்று, தலைமுடியிலிருந்து கொள்ளுத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரை அப்படிப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறைக்கத் தெரியவில்லை.

“இன்னா டீச்சர், பிரேக்க புடிச்சிக்கினே வந்தீங்களா?”

“வூட்ல இன்னா சொல்லப் போறீங்க, சிஸ்டர்?”

“ரிசார்ட்டுக்குத்தானே போனோம்.”

“டயரு பூரா சாணியா இருக்குதே.”

குனிந்து பார்த்தார். “இயற்கையா இருக்கணும்னு சாணியும் வெளியிலேர்ந்து வாங்கிப் போட்டிருக்காங்கன்னு சொல்லிக்கிறேன்,” என்றார்.