கிணற்றில் இறக்கிய சார்ஜர் லைட்

எனக்குப் பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது; கேள்வியாகக் கேட்டுத் தள்ளும். ஊசி போட வரும் நர்ஸிடம், அது என்ன மருந்து, உள்ளே போய் என்ன செய்யும் என்று கேட்ட பிறகுதான் கையை நீட்டுவேன். "நீ பொறந்த அன்னைக்கே டாக்டர்கிட்ட ஏதாச்சும் கேட்டிருப்ப" என்பார் என் கணவர். நாங்கள் இருவரும் மதுரையில் ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள். கொட்டாம்பட்டிப் பக்கம் இருக்கும் தோட்டத்தைக் கொழுந்தன்தான் கவனிக்கிறார்.

போன வருஷக் கோடையில் அங்கே போர்வெல் வற்றிவிட்டது. பலகையும் தகரமும் போட்டு மூடி, வருஷக்கணக்காக யாரும் இறங்காமல் கிடந்த பழைய கிணற்றைத் தூர் வாரலாம் என்று முடிவாயிற்று. அடியில் எவ்வளவு சேறு கிடக்கிறது என்று தானே இறங்கிப் பார்ப்பதாக என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டினார். பைக்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கக்கூடச் சோம்பல்படுகிற மனிதர். கிணற்றை எட்டிப் பார்த்தேன்; அடி தெரியவில்லை.

"இருண்ணே, மொதல்ல விளக்கு விட்டுப் பாக்கணும்" என்றார் கொழுந்தன். கரண்ட் போனால் எரியவிடும் சார்ஜர் லைட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அடிவரைக்கும் பளிச்சென்று எரிந்தது. "நல்லா எரியுது. இறங்குண்ணே."

அவர் இரும்பு ஏணியில் இறங்கத் தொடங்கினார். எனக்குப் பயம் பிடித்தது. வாய் தன் வேலையைத் தொடங்கியது.

"எதுக்குத் தம்பி விளக்கு விடுறீங்க?"

"வழக்கம் மதினி. பாம்பு கீம்பு கிடந்தாத் தெரியும்ல."

"அதுக்கு மேல இருந்தே டார்ச் அடிச்சாப் பத்தாதா?"

"பத்தும்தான்." தலையைச் சொறிந்தார். "எங்க அப்பா காலத்துல இருந்தே விடுறதுதான். அப்ப அரிக்கேன் விளக்கு."

"அரிக்கேன்ல பாம்பு தெரியுமாக்கும்?"

உள்ளேயிருந்து கணவர் கத்தினார். "அவனப் போட்டு ஏன் படுத்துற?" குரலில் மூச்சு வாங்கியது.

"அது அணைஞ்சா இறங்கக் கூடாதும்பாங்க மதினி."

"ஏன் அணையும்?"

"உள்ள நல்ல காத்து இல்லன்னா..."

பாதியில் நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் அடியில் எரிந்த லைட்டைப் பார்த்தோம். அது பேட்டரி லைட். காற்று இருந்தாலும் எரியும், இல்லாவிட்டாலும் எரியும்.

"மேல வாங்க!" என்று நான் போட்ட கூச்சல் நெடுஞ்சாலைக்கே கேட்டிருக்கும். என் கணவர் அசையவில்லை. ஏணியின் பாதியில் நின்று, நெற்றியைக் கம்பியில் சாய்த்திருந்தார். கொழுந்தன் இறங்கப் பாய்ந்தார். கொழுந்தன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் உள்ளே விழுந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? "கண்ணத் தொறங்க, ஒரு படி ஏறுங்க" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். மெதுவாக ஒரு காலைத் தூக்கினார். பிறகு இன்னொன்று. கைக்கு எட்டியதும் இழுத்துப் போட்டோம். மண்ணில் கிடந்து மூச்சிரைத்தார். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

அதன் பிறகுதான் மோட்டார் ரூமில் கிடந்த மெழுகுவர்த்தியை ஏற்றி, வாளிக்குள் நிறுத்தி இறக்கினோம். அவர் நின்ற படியைத் தாண்டியதும் அணைந்தது. நம்பாமல் மறுபடி ஏற்றி இறக்கினார் கொழுந்தன். மறுபடியும் அங்கேயே அணைந்தது.

இப்போது அந்தப் பக்கம் யார் கிணற்றில் இறங்கினாலும் முதலில் மெழுகுவர்த்தி விடுகிறார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான், போன மாதம் வரை. அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கிணற்று வேலை. வாளியில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவரிடம், எதற்கு என்று கேட்டேன்.

"யாருக்குக்கா தெரியும்? மதுரையில இருந்து வந்த ஒரு அக்கா விடச் சொன்னாங்களாம்."

"அணைஞ்சா என்ன செய்வீங்க?"

"இன்னொன்னு ஏத்தி விடுவோம்" என்றார்.